நாலு கட்டம், ஒரு காபித்தூள் கடை

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

எல்லாரும் காபி குடிச்சாச்சா? டீ பார்ட்டிகளும் இருங்க, போயிடாதீங்க. இன்னைக்குப் பேசப்போறது காபியைப் பத்தி இல்லை. ஒரு காபித்தூள் கடையோட வியாபாரத்தைப் பத்தி.

போன சில வாரங்களாக நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி அனுப்பியிருந்தீங்க. "வீட்டிலேயே கேக் செய்யறேன், இன்ஸ்டாவில் போடறேன், ஆர்டரே வரலை." "அம்மா பிளவுஸ் தைக்கிறாங்க, எப்படி மார்க்கெட்டிங் பண்றது?" "அப்பாவோட எலக்ட்ரிகல் கடையை நான் எடுத்து நடத்தலாமான்னு பாக்கறேன், எங்க ஆரம்பிக்கிறது?" இதுக்கெல்லாம் எம்.பி.ஏ. படித்தவர்கள் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு. "முதல்ல ஒரு ஸ்வாட் பண்ணுங்க."

நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். எத்தனை ஸ்வாட் ஸ்லைடு போட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. நாலு கட்டம், நாலு கலர், ஒவ்வொண்ணுலயும் அஞ்சு பாயின்ட். கிளையன்ட் தலையாட்டுவார், அடுத்த ஸ்லைடுக்குப் போயிடுவோம். அந்த நாலு கட்டம் உண்மையில் எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சது எங்க அப்பா கடையில்தான். அதுவும் ரெண்டாவது தடவை செய்தபோது. முதல் தடவை செய்தது பெரிய சொதப்பல். அதையும் சொல்றேன்.

கடை மேற்கு மாம்பலத்தில், ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. வறுத்த கொட்டை போட்டு வைக்கிற டின்கள், ஒரு அரவை மெஷின், தராசு, கல்லாப்பெட்டி, மேலே முருகன் படம். 1988ல் அப்பா ஆரம்பித்தார். நீங்க போய் "அரைக் கிலோ, எண்பது இருபது" என்று சொன்னால் கண் முன்னாலேயே கொட்டையை நிறுத்து, அரைத்து, சிக்கரி கலந்து, சூடு ஆறாத பாக்கெட்டைக் கையில் கொடுப்பார்கள். மெஷின் ஓடினால் தெரு முனை வரைக்கும் மணக்கும். அந்த மணம்தான் முப்பது வருஷமாக எங்களுக்கு விளம்பரம். போர்டில் பாதி எழுத்து உதிர்ந்து போயிருந்ததை யாருமே கவனித்ததில்லை.

2019 வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 40 கிலோ போகும். நான் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தது 2023 ஜனவரி. அப்போது 22 கிலோ. கிட்டத்தட்ட பாதி. அப்பாவைத் தவிர மெஷினில் நிற்கிற அண்ணன் ஒருத்தர், 21 வருஷமாக அங்கேயே இருக்கிறார். அவர் சம்பளத்தை அப்பா ரெண்டு தவணையாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். இதை அப்பா சொல்லவில்லை. அம்மா ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாங்க.

அப்பாவிடம் ஏன் வியாபாரம் குறைஞ்சதுன்னு கேட்டால் ஒரே பதில்தான். "இந்தப் பத்து நிமிஷ ஆப்தாம்மா. எல்லாத்தையும் வாரிட்டுப் போயிட்டான்." என்னிடம் கேட்டிருந்தால் நானும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: அப்பா மாறவே இல்லை.

ரெண்டு பேரும் தப்பு. அது தெரிய எங்களுக்கு மூணு மாசம் ஆனது.

முதல் தடவை

ஸ்வாட் தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷத்தில் சொல்லிடறேன். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். முதல் ரெண்டும் உங்க தொழிலுக்கு உள்ளே இருக்கிறது. அடுத்த ரெண்டும் வெளியே, ஊர்ல, சந்தையில் நடக்கிறது. 1960களில் அமெரிக்காவில் உருவான முறை. ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில் இருந்த ஆல்பர்ட் ஹம்ஃப்ரி என்பவர்தான் காரணம்னு நிறைய இடத்தில் போட்டிருப்பாங்க. ஹார்வர்டு பாடப்புத்தகம்தான்னு இன்னொரு கட்சி. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். "இதெல்லாம் வள்ளுவர் அன்னைக்கே சொல்லிட்டார்"னு கமென்ட் போடக் கை துறுதுறுங்கிறவங்களுக்கு: ஆமா, 'வலியறிதல்'னு ஒரு அதிகாரமே இருக்கு, 48வது. ஒத்துக்கறேன்.

சரி, கடைக்கு வருவோம். ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, தனியாக, லேப்டாப்பில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் முடித்தேன். பலம்: தரம், பாரம்பரியம், நம்பிக்கை. பலவீனம்: சோஷியல் மீடியா இல்லை, பேக்கேஜிங் மோசம், லோகோ இல்லை, மாற்றத்துக்கு ஒத்துவராத உரிமையாளர். வாய்ப்பு: இன்ஸ்டாகிராம் தொடங்கலாம், வெப்சைட் தொடங்கலாம், கோல்ட் ப்ரூ விற்கலாம். அச்சுறுத்தல்: ஆப்கள், பெரிய பிராண்டுகள்.

மறுநாள் காலையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து லேப்டாப்பைக் கல்லா மேல் வைத்துக் காட்டினேன். இங்கிலீஷில் அடித்திருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"'ஓனர் ரெசிஸ்டன்ட் டு சேஞ்ச்.' இது நான்தானேம்மா?"

என்ன பதில் சொல்றது. "பொதுவா எழுதறதுப்பா அது"ன்னு ஏதோ உளறினேன். அவர் லேப்டாப்பை மெதுவா மூடி என் பக்கம் தள்ளிட்டு, துணியை எடுத்துத் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பிச்சார். தட்டு ஏற்கெனவே பளபளன்னுதான் இருந்தது. அடுத்த நாலு நாளைக்கு அவர் என்கிட்ட பேசினது "சாப்டியா" மட்டும்தான்.

நான் எழுதினதில் மனுஷத்தனமான தப்பு ஒன்று. அது உங்களுக்கே புரிஞ்சிருக்கும். தொழில்முறைத் தப்பு மூணு இருந்தது. ஏஜென்சியில் ஆறு வருஷம் அதே தப்பைத்தான் காசு வாங்கிக்கொண்டு செய்திருக்கிறேன்.

"தரம்" என்று எழுதினேனே, எந்தக் கடைக்காரராவது "எங்க சரக்கு மட்டம்"னு எழுதுவாரா? பலம் என்பது தனியாக நிற்கிற விஷயம் இல்லை. யாரோடு ஒப்பிட்டுப் பலம்? அடுத்த தெருவில் இன்னொரு காபிக் கடை இருக்கு, அங்கேயும் கண் முன்னாலதான் அரைக்கிறாங்க. அப்போ அது எங்களுக்குப் பலமே இல்லை. அந்தத் தொழிலில் இருக்கக் குறைந்தபட்சத் தகுதி, அவ்வளவுதான்.

அடுத்தது, "இன்ஸ்டாகிராம் தொடங்கலாம்" என்பது வாய்ப்பு இல்லை. அது நாம செய்யப்போற வேலை. வாய்ப்பு என்பது நாம எதுவும் செய்யாவிட்டாலும் வெளியே நடந்துகொண்டிருப்பது. இதுக்கு நான் இப்போ ஒரு கேள்வி வெச்சிருக்கேன்: நாளைக்கே என் கடையை இழுத்து மூடிட்டா இந்த விஷயம் அப்பவும் இருக்குமா? இருக்கும்னா அது வாய்ப்பு அல்லது அச்சுறுத்தல். இருக்காதுன்னா அது உள்விவகாரம். என்னுடைய பட்டியலை இந்தக் கேள்வியில் போட்டு வடிகட்டினால் 'வாய்ப்பு' கட்டம் மொத்தமும் காலி.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம். ஒரு வரிக்குக்கூட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆப்தான் வாடிக்கையாளரைக் கொண்டு போச்சுன்னு யார் சொன்னது? யாரும் சொல்லலை. எல்லாரும் அப்படித்தான் பேசிக்கறாங்க, அவ்வளவுதான்.

இது என் ஒருத்தியோட பிரச்சினை இல்லைன்னு பிறகு படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன். 1997ல் டெர்ரி ஹில், ராய் வெஸ்ட்புரூக் என்று ரெண்டு பேர், பிரிட்டனில் 20 கம்பெனிகளில் ஸ்வாட் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நீள நீளமான பட்டியல்கள், பொதுப்படையான வார்த்தைகள், எது முக்கியம்னு வரிசை கிடையாது, சரிபார்ப்பு கிடையாது. எல்லாத்துக்கும் மேல, அப்படி எழுதின பட்டியலைப் பிறகு திட்டம் போடும்போது யாருமே எடுத்துப் பயன்படுத்தலை. பழுதான காரைக் கம்பெனி திரும்ப வாங்கிக்குமே, அந்த மாதிரி இந்த ஸ்வாட்டையும் திரும்ப வாங்கிக்கிற நேரம் வந்துடுச்சுன்னு கட்டுரைக்குத் தலைப்பே வெச்சாங்க. ஏஜென்சியில் இருந்தப்போ இதைப் படிச்சிருந்தா வேலையை இன்னும் முன்னாடியே விட்டிருப்பேன்.

கேலண்டரின் பின்பக்கம்

அப்பாவைச் சமாதானப்படுத்தியது நான் இல்லை, அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை அரைநாள் முடிந்த பிறகு, நாலு பேரும் கடைக்குள்ளேயே உட்கார்ந்தோம். அப்பா, அம்மா, மெஷின் அண்ணன், நான். லேப்டாப் கூடாது என்று அம்மா சொல்லிட்டாங்க. போன வருஷத்து மாசக் கேலண்டரைக் கிழித்து, பின்பக்கம் நாலு கட்டம் போட்டோம். பேனா அப்பா கையில். ரெண்டு விதி. ஒன்று, ஆளைப் பத்தி எழுதக் கூடாது, நடந்ததைப் பத்தி எழுதணும். ரெண்டு, அண்ணன்தான் முதலில் பேசணும். ஏன்னா முதலாளி முதலில் பேசிட்டா மத்தவங்க அதையே வேற வார்த்தையில் திருப்பிச் சொல்லுவாங்க. இது குடும்பத்துக்கும் பொருந்தும்.

அண்ணன் ரொம்ப நேரம் யோசிச்சார். "பலம்னா... நோட்டுதாம்மா"ன்னார்.

எந்த நோட்டு?

கல்லாவுக்குக் கீழே அஞ்சு நீள நோட்டு இருக்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி. பேர், தெரு, பிறகு அவங்க கலவை. "பீபெரி 60, பிளாண்டேஷன் 25, சிக்கரி 15, நடுத்தர அரவை." "ரொபஸ்டா பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி வேண்டாம். மாமாவுக்குச் சர்க்கரை, திக்கா வேணும்." போன் நம்பர் பாதிப் பேருக்கு மேல் இருந்தது, ஏன்னா கடன் வைத்தால் அப்பா நம்பர் வாங்கிடுவார். நான் பிறந்ததிலிருந்து அந்த நோட்டைப் பார்க்கிறேன். ஒரு தடவைகூட அது மார்க்கெட்டிங் விஷயமாக என் கண்ணில் படலை. ஏஜென்சியில் 'கஸ்டமர் டேட்டா'ன்னு லட்சக்கணக்கில் செலவு பண்ணுவோம். இங்கே 612 குடும்பத்தோட நாக்கு நோட்டுல இருக்கு.

அடுத்த தெருக் கடையில் இது கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் கிடையாது. ஆப்பில் கிடையவே கிடையாது. அங்கே 80:20, 60:40ன்னு பாக்கெட்டில் அடைச்சது எது இருக்கோ அதுதான். இப்பதான் 'பலம்' கட்டத்தில் ஒரு உருப்படியான வரி வந்தது. அதே வரி பலவீனம் கட்டத்துக்கும் போச்சு: நோட்டு ஒரே ஒரு பிரதி, மழையில் நனைஞ்சா போச்சு, அதோட அப்பா கையெழுத்து அப்பாவுக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் புரியும். அண்ணன் லீவு போட்ட நாளில் அரவை முன்னே பின்னே ஆகுதுன்னு அம்மா சொன்னாங்க. அது அண்ணனுக்குச் சுருக்குன்னு பட்டிருக்கும்னு நினைச்சேன். "அது நெசந்தான்"னு அவரே சொல்லிட்டார்.

அச்சுறுத்தல் கட்டத்துக்கு வந்ததும் அப்பா யாரையும் கேட்காமல் "ஆப்" என்று எழுதினார். நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு கேட்டேன், "இருக்கலாம்பா. ஆனா யார் யார் போனாங்கன்னு நோட்டை வெச்சே பார்த்துடலாமா?"

எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடிச்ச பகுதி இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

ஆறு மாசத்துக்கு மேல் வராத குடும்பங்களில், போன் நம்பர் இருந்த 140 பேரைத் தனியாக எழுதினோம். நானும் அம்மாவும் மூணு வாரம் மத்தியான நேரத்தில் உட்கார்ந்து கூப்பிட்டோம். "ஏன் எங்க கடைக்கு வர்றதில்லை?"ன்னு கேட்டா நம்ம ஊர்ல யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க. "ஐயோ அப்படியெல்லாம் இல்லைம்மா, வரணும்"னுதான் சொல்லுவாங்க. ரெண்டாவது நாளே கேள்வியை மாத்திட்டோம். "இப்ப காபித்தூள் எங்க வாங்கறீங்க மாமி?" இதுக்கு எல்லாரும் பதில் சொல்றாங்க. அதுவும் விளக்கமா. ஒரு மாமி இருபது நிமிஷம் பேசினாங்க, அதில் காபி நாலு நிமிஷம்.

97 பேர் கிடைத்தார்கள். அதில் ஆப்பிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ வாங்குகிறவர்கள் 14. வெறும் 14. வீட்டில் காபி குடித்த பெரியவர் தவறிப்போனதாலோ, டாக்டர் நிறுத்தச் சொன்னதாலோ வாங்காதவர்கள் 19. ரெண்டு மூணு போன்ல நானும் அம்மாவும் துக்கம் விசாரிச்சுட்டுத்தான் வெச்சோம். ருசி மாறிடுச்சுன்னு வேற கடைக்குப் போனவர்கள் 5. எங்க மேல் கோபம் 8 பேருக்கு. அதில் பெரும்பாலும் ஒரே காரணம். மத்தியானம் ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் கடை சாத்தியிருக்கும். ஆபீசிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிருக்காங்க.

மிச்சம் 51 பேர்? வீடு மாத்திப் போயிட்டாங்க.

சென்னையில் இருக்கிறவங்களுக்கு இது தெரியும். மாம்பலத்தில் பழைய தனி வீடு, பழைய மூணு மாடி ஃபிளாட் எல்லாத்தையும் இடிச்சு பில்டர் புதுசாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சொந்தக்காரர் ரெண்டு வருஷம் வாடகைக்கு எங்காவது போவார், வாடகைக்கு இருந்தவர் போனது போனதுதான். மேடவாக்கம், பெருங்களத்தூர், முகலிவாக்கம், ஓ.எம்.ஆர். எங்க தெருவிலேயே நாலு கட்டடம் இடிச்சிருந்தாங்க. தினம் அந்தத் தூசியைத் துடைச்சுக்கிட்டுதான் அப்பா கடையைத் திறந்தார். ஆனா அதையும் 22 கிலோவையும் நாங்க யாரும் சேர்த்துப் பார்க்கலை.

அன்னைக்கு ராத்திரி கேலண்டரில் "ஆப்" என்று எழுதியிருந்ததை அப்பா அடிக்கவில்லை. அதுக்கு மேலே "இடிப்பு" என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு, "அப்ப நம்ம காபி பிடிக்காம போகலை"ன்னார். அவ்வளவு நாளும் அவர் மனசுக்குள்ள ஓடிக்கிட்டிருந்தது அதுதான்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சது. மாற மாட்டேங்கிறார்னு நான் எழுதினேன். அவர் பயந்துபோயிருந்தார்.

கட்டத்துக்குக் கட்டம் கோடு

பட்டியல் போட்டு முடிச்சா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. ஹைன்ஸ் வைரிச் என்ற பேராசிரியர் 1982ல் இதையே தலைகீழாத் திருப்பி 'டவ்ஸ்'னு ஒரு முறை சொன்னார். கட்டங்களை ஜோடி சேர்க்கணும். இந்தப் பலத்தை வெச்சு அந்த வாய்ப்பை எப்படிப் பிடிக்கிறது? இந்தப் பலத்தால அந்த அச்சுறுத்தலை எப்படித் தாங்கறது? இந்தப் பலவீனத்தைச் சரி பண்ணாட்டா எந்த வாய்ப்பு கைநழுவும்? ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வேலை, ஒரு ஆள், ஒரு தேதி. ஆள் பேர் இல்லாத வேலையைக் கேலண்டரில் எழுத அம்மா விடலை.

எங்களுக்குக் கிடைத்த பெரிய கோடு நோட்டுக்கும் இடிப்புக்கும் நடுவில். ஊர் மாறிப் போனவங்களுக்கு அவங்க கலவை கிடைக்கலை. எங்ககிட்ட அந்தக் கலவை எழுதி வெச்சிருக்கு. அச்சுறுத்தல்னு எழுதினதே பாதி வாய்ப்பாக மாறிடுச்சு. அப்போ மார்க்கெட்டிங் செய்தி என்ன? "35 வருஷப் பாரம்பரியம்" இல்லை. "தரமான காபி" இல்லை. "உங்க வீட்டுக் கலவை எங்க நோட்டில் இருக்கு." அவ்வளவுதான். லோகோவே தேவைப்படலை.

நோட்டு முழுவதையும் நான் ஒரு மாசத்தில் ஷீட்டில் ஏற்றினேன். அப்பா கையெழுத்தை அண்ணன் படிச்சுச் சொல்லச் சொல்ல டைப் பண்ணினேன். வாட்ஸ்அப் பிசினஸில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டோம். இங்கே ஒரு சின்னத் தகவல், வீட்டிலிருந்து தொழில் செய்றவங்க குறிச்சுக்கோங்க: உங்க நம்பரை அவங்க போனில் சேவ் பண்ணியிருந்தால்தான் பிராட்காஸ்ட் மெசேஜ் போய்ச் சேரும். நூறு பேருக்கு அனுப்பினேன் ஒருத்தரும் பதில் போடலைன்னு புலம்பறவங்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமா இருக்கும். அதனால போனில் பேசும்போதே "இந்த நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க மாமி"ன்னு அம்மா சொல்லிடுவாங்க.

கூரியர் முதலில் யோசிச்சோம். கால் கிலோவுக்குக் கூரியர் கட்டினால் லாபமே போயிடும். அதோட தூள் அரைச்ச நாளிலிருந்தே மணம் இறங்க ஆரம்பிக்கும். அதனால மாசத்தில் ரெண்டு சனிக்கிழமை, ரெண்டு ரூட். ஒரு வாரம் மேடவாக்கம் பக்கம், ஒரு வாரம் பெருங்களத்தூர் பக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் ஆர்டர், சனிக்கிழமை காலை அரவை, மதியம் டெலிவரி. அண்ணனோட ஸ்கூட்டரும் என்னோட ஸ்கூட்டியும். மத்தியானம் கடை சாத்துற நேரத்தையும் ஒரு மணி நேரமாகக் குறைச்சோம். அப்பா அவராகவே சொன்னார், நான் வாயே திறக்கலை.

தோத்ததையும் சொல்லணும். கோல்ட் ப்ரூ என் ஆசை. ரீல் எடுத்துப் போட்டேன், மெஷினில் தூள் விழுகிற ஸ்லோ மோஷன், பின்னாடி இளையராஜா பிஜிஎம். 40,000 பேர் பார்த்தாங்க. வந்த ஆர்டர் ரெண்டு. ஒண்ணு என் காலேஜ் ஃபிரெண்டு. துபாயிலிருந்து ஒருத்தர் "டெலிவரி உண்டா"ன்னு கேட்டார். இளைஞர்கள் காபியில் காசு செலவு பண்றாங்கங்கிறது உண்மையான வாய்ப்பாகவே இருக்கலாம். ஆனா அதைப் பிடிக்க எங்ககிட்ட என்ன பலம் இருந்தது? ஒண்ணும் இல்லை. அந்தக் கட்டத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து கோடே போகலை. அப்பவே விட்டிருக்கணும், 18,000 ரூபாய்க்குப் பாட்டில் வாங்கின பிறகு விட்டேன். பாட்டிலெல்லாம் இப்போ வீட்டில் பரண் மேல. அம்மா ரெண்டில் நல்லெண்ணெய் ஊத்தி வெச்சிருக்காங்க.

எட்டு மாசத்தில் 22 கிலோ 29 ஆச்சு. 40 இல்லை. 40 திரும்ப வரும்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லை. அண்ணன் சம்பளம் ஒண்ணாம் தேதி முழுசா போகுது.

அப்புறம் 2024 கடைசி. காபிக்கொட்டை விலை கேள்விப்பட்டிருப்பீங்க. பிரேசிலில் வறட்சி, அதுக்கு முன்னாடி வியட்நாமில் வறட்சி. டிசம்பரில் நியூயார்க் சந்தையில் அராபிகா விலை 1977ல் தொட்ட உச்சத்தைத் தாண்டிடுச்சு. மாம்பலத்துக் குறுக்குத் தெருவுக்கும் அது வந்து சேர்ந்தது. வாராவாரம் கொட்டை விலை ஏறுது. எங்க கேலண்டரில் இது இல்லவே இல்லை. யாருக்கும் தோணலை.

இந்த மாதிரி நேரத்தில் ஒரு சுலபமான வழி உண்டு. சிக்கரி மலிவு. கலவையில் யாருக்கும் சொல்லாம ஒரு அஞ்சு சதவீதம் ஏத்திடலாம். சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் குறைஞ்சது 51 சதவீதம் காபி இருக்கணும், விகிதத்தைப் பாக்கெட்டில் போடணும். ஆனா கண் முன்னால கலந்து கொடுக்கிற கடையில் கை கொஞ்சம் தாராளமா விழுந்தா யாருக்குத் தெரியப் போகுது? "நோட்டில் 15னு எழுதிட்டு 20 போட்டா, அப்புறம் நோட்டு எதுக்கு?"ன்னு அப்பா கேட்டார். விவாதம் அதோட முடிஞ்சுது.

அதுக்குப் பதிலா விலையை ஏத்தினோம். கடை வாசலில் ஒரு கரும்பலகை வெச்சு, தேதி போட்டு, கொட்டை விலை எவ்வளவு, தூள் விலை எவ்வளவுன்னு அப்பா கையாலேயே எழுதினார். (அந்தக் கையெழுத்தையும் ஜனங்க எப்படியோ படிச்சிட்டாங்க.) பிராட்காஸ்டில் ஒரு மெசேஜ்: "விலை ஏறியிருக்கு. உங்க கலவையை மாத்தலை. பட்ஜெட் இடிச்சா சொல்லுங்க, உங்களுக்கு ஏத்த மாதிரி சேர்ந்து மாத்தலாம்." முப்பது நாப்பது பேர் கலவையை மாத்திக்கிட்டாங்க, பிளாண்டேஷனைக் குறைச்சு ரொபஸ்டா கூட்டி. சிலர் போயிட்டாங்க. 29 கிலோ 26 ஆச்சு.

இன்னைக்கு இந்த எபிசோடு பண்ணணும்னு தோணினதுக்குக் காரணம் வேற. போன மாசம் கடை இருக்கிற கட்டடத்தோட சொந்தக்காரர் வந்தார். அப்பாவோட முப்பது வருஷப் பழக்கம். கையில் ஒரு டப்பா ஸ்வீட். பில்டர்கிட்ட கையெழுத்துப் போட்டாச்சு, அடுத்த வருஷம் கட்டடத்தை இடிக்கப் போறாங்க. "புதுசில் உங்களுக்கு ஒரு கடை கேட்டிருக்கேன் சார், வாடகைதான் கொஞ்சம்..."னு இழுத்தார்.

அப்பா ஸ்வீட்டை வாங்கிக்கிட்டார். அவருக்கு ஒரு காபி போடச் சொன்னார். அவர் போன பிறகு கல்லாவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பழைய கேலண்டர் தாளை எடுத்து, "இடிப்பு"ன்னு தான் எழுதினதைப் பார்த்து அப்பாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "நாமளே எழுதி வெச்சிருக்கோம், பாரும்மா."

மூணு நாலு யோசனை இருக்கு. அதே ஏரியாவில் வேற கடை பார்க்கிறது. மெஷினை மேடவாக்கம் பக்கம் கொண்டு போறது. ஷீட்டைப் பார்த்தால் சனிக்கிழமை ஆர்டரில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம்தான். அண்ணன் வீடு சைதாப்பேட்டை, அவருக்கு எது தோதுன்னு பார்க்கணும். இல்லை, புது வாடகையைத் துணிஞ்சு ஒத்துக்கிறது. எனக்கு ஒரு பதில் தோணுது, ஆனா இந்தத் தடவை நான் முதலில் பேசப்போறதில்லை.

உங்களில் சிலபேர் இந்த வாரமே உட்காரப் போறீங்கன்னு தெரியும். நோட்டு இல்லாதவங்க போனில் பழைய ஜிபே ஹிஸ்டரியைப் பாருங்க. ஒரு வருஷத்துக்கு முன்னாடி அடிக்கடி வாங்கிட்டு இப்போ நின்னுபோன பத்துப் பேர் கண்டிப்பா கிடைப்பாங்க. கட்டம் போடறதுக்கு முன்னாடி அவங்களைக் கூப்பிடுங்க. "இப்ப எங்க வாங்கறீங்க?" இந்த ஒரே கேள்வி.

எங்க வீட்டில் வர்ற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி கூட்டம். இந்த வருஷத்துக் கேலண்டர் இன்னும் தீரலை, அதனால அம்மா துணிக்கடைக் கேலண்டர் ஒண்ணு எடுத்து வெச்சிருக்காங்க. என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோடில் சொல்றேன். அதுவரைக்கும், பை.